டிரைவ்வேக்கு அடிக்கும் கறுப்புப் பூச்சு: நிலக்கரித்தாரா, நிலக்கீலா? எப்படிக் கண்டுபிடிப்பது, அதன்பின் என்ன செய்வது?

கேள்வி: ஒஹையோ வேம்பு

அனைவருக்கும் வணக்கம். 62 டவுன்ஹோம்கள் உள்ள குடியிருப்புச் சங்கத்துக்காகக் கேட்கிறேன். பொதுவான பார்க்கிங்கும் உள்சாலையும் சேர்ந்து சுமார் 4,000 சதுர மீட்டர். கடைசியாக 4 வருடம் முன்பு சீல்கோட் (தரைமேல் அடிக்கும் கறுப்புப் பூச்சு) அடித்தார்கள். அது எந்தச் சரக்கு என்று பழைய ரசீதில் இல்லை. வரும் கோடையில் மறுபடி அடிக்க ஒப்பந்ததாரர் கொடுத்த விலைப்புள்ளியில் "ரிஃபைன்ட் டார் எமல்ஷன், இரண்டு கோட்" என்று இருக்கிறது. எங்கள் நகராட்சியில் இதற்குத் தடை இல்லை.

தெரிய வேண்டியவை:

1. இப்போது தரையில் இருப்பது நிலக்கரித்தார் பூச்சா என்று ஆய்வகத்துக்குப் போகாமல் பார்க்க வழி உண்டா?
2. "இது தலைக்குப் போடும் ஷாம்பூவிலேயே இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார் ஒப்பந்ததாரர். இதற்கு என்ன பதில்?
3. அடியில் தார்ப் பூச்சு இருந்தால் அதன்மேல் அஸ்பால்ட் வகைப் பூச்சு அடிக்கலாமா, சுரண்டி எடுத்தே ஆகவேண்டுமா?
4. பள்ளமான பக்கத்தில் மழைநீர்க் குளம் இருக்கிறது. அடுத்த வருடம் தூர்வாரவேண்டும். அந்தச் சேற்றை எப்படிச் சோதிப்பது?

பார்க்கிங் ஓரத்திலேயே நம்மவர்கள் கத்தரி, வெந்தயக்கீரை போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் அந்தத் தரையில் உட்கார்ந்துதான் சாக்பீஸில் வரைகிறார்கள். அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

---

பதில் 1: கரிவளையம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. நாம் தமிழில் "தார்" என்று இரண்டு பொருளைச் சொல்கிறோம். ஒன்று பெட்ரோலிய நிலக்கீல், அதாவது பிட்டுமென், அமெரிக்கர்கள் அஸ்பால்ட் என்பது. கச்சா எண்ணெயில் எளிதில் ஆவியாவதையெல்லாம் வெற்றிடத்தில் வடித்தபின் மிஞ்சும் அடிவண்டல் அது. மற்றது நிலக்கரித்தார். இரும்பு ஆலைக்குக் கோக் செய்ய நிலக்கரியைக் காற்றில்லாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுடும்போது வரும் புகையைக் குளிரவைத்தால் இறங்கும் கறுப்புக் குழம்பு. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒட்டும். ஆனால் அந்த 1,000 டிகிரியில் மூலக்கூறுகளின் பக்கக் கிளைகளெல்லாம் உதிர்ந்து, பென்சீன் வளையங்கள் இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவைதான் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள், சுருக்கமாகப் பிஏஹெச். நிலக்கீல் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை, அதனால் அதில் இவை மிகக் குறைவு.

கணக்கில் சொன்னால், நிலக்கரித்தார் சீல்கோட்டில் பிட்ச் (அந்தத் தாரை வடித்தபின் மிஞ்சும் கெட்டி வண்டல்) 20 முதல் 35 சதவீதம். காய்ந்த பூச்சில் பிஏஹெச் கிலோவுக்கு 50,000 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும். அஸ்பால்ட் வகைப் பூச்சில் அது 50 அளவில். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இனி வீட்டுச் சோதனை. டெக்சஸில் ஆஸ்டின் நகராட்சி ஆய்வாளர்கள் களத்தில் செய்யும் முறையும் இதேதான். தேவையானவை: மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயிண்ட் கடையில் கிடைக்கும்), மூடியுள்ள இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகள், உளி அல்லது பிளேடு, நைட்ரைல் கையுறை.

பூச்சு தேயாமல் இருக்கும் இடமாகப் பாருங்கள்: வீல் ஸ்டாப் கட்டையின் அடிவிளிம்பு, கர்ப் ஓரம். பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிளேடைப் படுக்கையாகப் பிடித்து, நகம் அளவுக்கு நாலைந்து செதில் எடுத்தால் போதும். ஒரு புட்டியில் இரண்டு விரல் உயரம் மினரல் ஸ்பிரிட்ஸ் ஊற்றி, செதிலைப் போட்டு, பத்து விநாடி குலுக்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நிலக்கீலாக இருந்தால் திரவம் டிகிரி காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்து, பின்னால் பிடித்த விரல் தெரியாது. நிலக்கரித்தாராக இருந்தால் பால் ஊற்றாத லைட் டீ நிறத்தில் நிற்கும், செதில் கரையாமல் அடியில் கிடக்கும். மினரல் ஸ்பிரிட்ஸ் பெரும்பாலும் சங்கிலி ஹைட்ரோகார்பன். அது நிலக்கீலைக் கரைக்கும், வளையங்கள் நிறைந்த பிட்சைக் கரைக்கத் திணறும்.

இரண்டாவது புட்டி ஒப்பிடுவதற்கு. நிச்சயம் நிலக்கீல் என்று தெரிந்த ஒரு துண்டை, பூச்சே படாத சாலையின் ஒரு சில்லைப் போடுங்கள். அது கறுக்கவில்லை என்றால் உங்கள் கரைப்பான் சரியில்லை என்று பொருள். நெயில்பாலிஷ் ரிமூவர், அசிட்டோன், டொலுவீன் எதையும் பயன்படுத்த வேண்டாம். டொலுவீன் இரண்டையும் கரைத்துவிடும், வித்தியாசமே தெரியாது. முடிந்ததும் புட்டியை மூடி, ஊரில் வீட்டு ஆபத்துக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

புதிய சரக்குக்கு இது தேவையில்லை. விலைப்புள்ளியிலேயே "ரிஃபைன்ட் டார்" என்று இருக்கிறதே, அது நிலக்கரித்தார்தான். எஸ்டிஎஸ் (சரக்கின் பாதுகாப்புத் தகவல்) தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணைப் பாருங்கள். 65996-93-2, 65996-89-6, 8007-45-2 இவற்றில் எது இருந்தாலும் நிலக்கரித்தார் அல்லது அதன் பிட்ச். புட்டியைத் திறக்காமலே தெரிவிக்கும் இன்னொன்று வாசனை. அடித்த அன்று அந்துருண்டை மாதிரி மணக்கும். மாதிரி என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை, அந்துருண்டை செய்யும் அதே நாப்தலீன்தான் அது. நிலக்கரித்தாரில் தனியொரு சேர்மமாக அதிகம் இருப்பது அதுதான், ஏறத்தாழ பத்து சதவீதம்.

---

பதில் 2: சேற்றுமணல்

நாலாவது கேள்விக்கு நீளமாகவே எழுதுகிறேன், பணம் வீணாவது அங்கேதான்.

குளத்துத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். "ஒன்றும் இல்லை" என்று வரும், ஒப்பந்ததாரர் அதைக் காட்டியே பேசுவார். நாப்தலீன் தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை கரையும். புற்றுநோய்க்குப் பேர்போன பென்சோ-ஏ-பைரீன் சில மைக்ரோகிராம்தான் கரையும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து வளையம், ஆறு வளையம் உள்ளவை தூசியில் ஒட்டிக்கொண்டே நகர்ந்து குளத்தின் அடியில் படிகின்றன. எனவே சேற்றைத்தான் எடுக்கவேண்டும்.

பார்க்கிங்கிலிருந்து குழாய் வந்து விழும் இடத்தின் முன்குழியில் மூன்று புள்ளி, குளத்தின் நடுவில் இரண்டு, பார்க்கிங் நீர் வராத ஓரத்தில் ஒன்று. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் மற்றவற்றை எதோடும் ஒப்பிட முடியாது. வெறும் மேல் சேற்றை அள்ளாமல், எவ்வளவு ஆழம் தூர்வாரப் போகிறீர்களோ அவ்வளவு ஆழத்துக்கும் குழாய் இறக்கி எடுங்கள். குப்பைக்கிடங்குக்குப் போவது முழு ஆழமும்தானே. ஸ்டீல் கரண்டி, ஸ்டீல் கிண்ணம். பிளாஸ்டிக் பை கூடாது, பிஏஹெச் அதில் ஒட்டும். பழுப்புக் கண்ணாடி ஜாடியில் டெஃப்லான் பூசிய மூடி போட்டு, ஐஸில் வைத்து அனுப்பவேண்டும். எடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பிரித்தெடுக்கவேண்டும், அதிலிருந்து 40 நாளுக்குள் கருவியில் ஓட்டவேண்டும்.

ஆய்வகத்திடம் கேட்கவேண்டியது இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) 8270 முறை, ஜிசி-எம்எஸ் கருவி (சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காண்பது), 16 பிஏஹெச், உலர் எடைக் கணக்கில். "உலர் எடை" என்பதை எழுத்தில் கேளுங்கள். பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் சேற்றை ஈர எடையில் கணக்கிட்டால் பாதிக்கும் கீழான எண் வரும்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அறிக்கை வரம்பு, அதாவது ஆய்வகம் நம்பி எண் சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு. கறுப்பான மாதிரியாக இருந்தால் கருவி கெடாமலிருக்கப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்த்துப் போடுவார்கள். வரம்பும் அதே அளவு ஏறிவிடும். ஒவ்வொரு சேர்மத்துக்கும் "5-க்குக் கீழே" என்று வந்தால் அது சுத்தம் என்று பொருள் அல்ல. 16 சேர்மத்துக்கும் அப்படி இருந்தால் மொத்தம் 80 வரை மறைந்திருக்கலாம். சிலிக்கா ஜெல்லில் சுத்தப்படுத்தி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். சோதனை சரியா என்று பார்க்க மாதிரியோடு அளந்து சேர்க்கும் டெர்ஃபினைல்-டி14 என்ற சேர்மம் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்றும் பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் பிரித்தெடுத்ததே கோளாறு.

எந்த எண்ணோடு ஒப்பிடுவது? நன்னீர்ச் சேற்றில் வாழும் உயிர்களுக்குப் பாதிப்பு வரலாம் என்று கருதும் அளவு மொத்த பிஏஹெச் கிலோவுக்கு 22.8 மில்லிகிராம். பாதிப்பு அரிது என்று கருதும் அளவு 1.61. இவற்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வகமும் ஆஸ்டின் நகரமும் 2005-ல் வெளியிட்ட எண்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். பார்க்கிங்கில் நீரைத் தெளித்து வழிந்ததில் வந்த துகளை அளந்தார்கள்:

நிலக்கரித்தார் பூச்சு: கிலோவுக்கு 3,500 மில்லிகிராம்
அஸ்பால்ட் பூச்சு: 620
பூச்சே இல்லாத தரை: 54

நடுவில் உள்ள 620 பலரைக் குழப்பும். பழைய தார்ப் பூச்சின் மிச்சம் அடியில் இருந்தால் மேலே எது அடித்தாலும் எண் ஏறும். கார்ப் புகை, டயர், எண்ணெய்ச் சொட்டு எல்லாம் சேர்ந்து தருவது அந்த 54 தான். கையிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3,500-ஐ 22.8-ஆல் வகுத்தால் 153. ஒரு கிலோ தார்ப் பூச்சுத் தூசி, 150 கிலோ சுத்தமான சேற்றை 22.8-க்கு ஏற்றிவிடும்.

மினசோட்டாவில் பல ஊர்கள் இந்தச் சிக்கலில் மாட்டின. மழைநீர்க் குளத்துச் சேற்றில் பிஏஹெச் ஏறி, வயலில் கொட்ட முடியாமல் கிடங்குக்கு ஏற்றவேண்டி வந்தது. அங்கே இரட்டை நகரப் பகுதிக் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) குளங்களை ஆராய்ந்தபோது, சேற்றுப் பிஏஹெச்சில் மூன்றில் இரண்டு பங்கு சீல்கோட்டிலிருந்து என்று வந்தது. அந்த மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் நிலக்கரித்தார் சீல்கோட்டுக்குத் தடை.

கிடங்குக்காரர் இன்னும் இரண்டு கேட்பார்: பென்சீன் எவ்வளவு கசிந்து இறங்கும் என்று பார்க்கும் டிசிஎல்பி சோதனை (வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்), சேற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்கும் பெயிண்ட் ஃபில்டர் சோதனை. பெரும்பாலும் தடுப்பது இரண்டாவதுதான். ஈரச் சேற்றை லாரியில் ஏற்றி அனுப்பி, வாசலிலேயே திருப்பிவிட்டால் லாரிக் கூலி போச்சு. ஜியோடெக்ஸ்டைல் பையில் (தண்ணீர் மட்டும் கசியும் துணிப் பை) இறக்கி வடியவிட்டு அனுப்புங்கள். வடியும் நீரைக் குளத்துக்கே திருப்புங்கள், தெருவுக்கு விடாதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முன்குழியில் அள்ளிய சேறு கறுப்பாக, வளமாகத் தெரியும். நல்ல உரம் என்று யாராவது தோட்டத்தில் போட்டுவிடப் போகிறார்கள். முடிவு வரும்வரை தார்ப்பாயால் மூடி வையுங்கள்.

---

பதில் 3: ரோலர்

மூணாவது கேள்விக்கு. முடியும், ஆனா அவசரப்பட்டா உரியும்.

காஞ்ச நிலக்கரித்தார் பூச்சு வழவழன்னு கண்ணாடி மாதிரி இறுகிக் கெடக்கும். அதுமேல அஸ்பால்ட் எமல்ஷன் அடிச்சா பிடிக்காது, முதல் குளிர்காலத்துலயே பொருக்குப் பொருக்கா எழும்பும். ஸ்னோ பிளோ வந்து அதச் செதுக்கித் தள்ளும். மார்ச் கடைசியில பார்க்கிங் மூலையில குமிச்ச பனி கரையும்போது பாருங்க, மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்பா நிக்கும். அது மண் இல்ல, பூச்சுதான். பனி கரைஞ்சதும் மொத்தமும் நேரா குளத்துக்கு.

அதனால பழைய பூச்சு நல்லாத் தேஞ்சு, கல்லு முனை தெரியுற இடத்துல மட்டும் மேல அடிங்க. நாலு வருஷம் ஆச்சுன்னா வண்டி ஓடுற தடத்துல அதிகமாத் தேஞ்சிருக்கும், நிறுத்துற இடத்துல பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சோதனைத் திட்டு அடிச்சு, ரெண்டு நாள் கழிச்சு டேப்பை அழுத்தி ஒட்டி சடார்னு இழுங்க. டேப்போட பூச்சு வந்தா அந்த எடத்துல அடிக்காதீங்க. தரைச் சூடு 10 டிகிரிக்கு மேல இருக்கணும், அடிச்சப்புறம் ஒரு நாளாவது மழை கூடாது.

எல்லாரும் தப்புப் பண்றது சுத்தம் பண்றப்பதான். வேலைக்கு வர்றவங்க லீஃப் புளோயரைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தூசியை ஊதித் தள்ளுவாங்க. பத்து நிமிஷத்துல தரை சுத்தம், கிலோவுக்கு மூவாயிரம் மில்லிகிராம் பிஏஹெச் உள்ள தூசி புல்லுலயும் சன்னல்லயும் கத்தரிச் செடியிலயும். ஒப்பந்தத்துலயே எழுதுங்க: புளோயர் கூடாது, வாக்குவம் ஸ்வீப்பர்தான். பிரஷர் வாஷ் பண்ணினா மழைநீர் வடிகால் வாயை அடைச்சு, தண்ணியை உறிஞ்சி எடுக்கணும்.

முழுசா எடுக்கணும்னா ஷாட்பிளாஸ்ட் (இரும்புக் குண்டு வீசிச் சுரண்டுறது), இல்லாட்டி 40 மில்லிமீட்டர் மில்லிங் (மேல்தளத்தை மெஷின்ல செதுக்கி எடுக்குறது) போட்டு மேல புது அஸ்பால்ட். செலவு அதிகம். மில்லிங் பண்ணின துகளை ஹாட் மிக்ஸ் பிளாண்ட்டுக்கு அனுப்பக்கூடாது. சூடேத்தினா பிட்ச் புகையெல்லாம் அங்க வேலை செய்யுறவங்க மூச்சுலதான் போகும். பிரிட்டன்ல பழைய சாலைத் துகள்ல பென்சோ-ஏ-பைரீன் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வந்தாலே அது ஆபத்துக் கழிவுக் கணக்கு.

என்னைக் கேட்டா, 4,000 சதுர மீட்டருக்குச் சீல்கோட்டே வேண்டாம். இது முக்கியமா கறுப்பா அழகாத் தெரியத்தான். நிலக்கரித்தாருக்கு உண்மையிலேயே ஒரு குணம் உண்டு, பெட்ரோல் சிந்தினா கரையாது. அதனாலதான் விமான நிலையத்துல விமானம் நிக்கிற தரைக்கு அடிச்சாங்க. டவுன்ஹோம் வாசல்ல யாரும் ஜெட் ஃபியூயல் ஊத்தப் போறதில்ல. அந்தப் பணத்துல விரிசலுக்கெல்லாம் ஹாட் போர் (சூடா ஊத்துற அடைப்பான்) நிரப்பி, தண்ணி உள்ள இறங்காமப் பாத்துக்கோங்க. ரோட்டைக் கெடுக்குறது விரிசல் வழியா இறங்கி உறையுற தண்ணிதான்.

அடிச்சே ஆகணும்னு சங்கத்துல முடிவானா ஒப்பந்தத்துல இந்த வாசகம்: "இவ்வேலையில் பயன்படும் எந்தப் பொருளிலும் மொத்தப் பிஏஹெச் எடையில் 0.1 சதவீதத்துக்கு மிகக்கூடாது." "நிலக்கரித்தார் கூடாது"ன்னு மட்டும் எழுதினா பத்தாது. எத்திலீன் ஆலையில வர்ற அடிவண்டலும் பூச்சுச் சரக்குல கலக்குறாங்க. அது பெட்ரோலியம்தான், ஆனா வளையங்கள் அதுலயும் ஏராளம். இன்னொண்ணு, சரக்கு டிரம்ல வராது, யார்டுலயே கலக்கி டேங்கர்ல வரும். லேபிளே இருக்காது. அடிக்கிற அன்னிக்கு ஸ்பிரே வாண்ட்லேருந்து ஒரு கண்ணாடி ஜாடி பிடிச்சு, தேதி போட்டு மூடி வெச்சுக்கோங்க. "ஜாடி பிடிப்போம்"னு முன்கூட்டியே சொல்லிட்டாலே டேங்கர் அடியில பழைய மிச்சம் இருக்காது.

---

பதில் 4: சப்பாத்து வாசலில்

வணக்கம். ஷாம்பூக் கதை இங்க கனடாவிலயும் சொல்லுறவை. பதில் சுருக்கம்தான். பொடுகுக்கும் சொரியாசிசுக்கும் விக்கிற நிலக்கரித்தார் மருந்தில அமெரிக்காவில அனுமதி 0.5 முதல் 5 சதவீதம். வருத்தம் உள்ள ஆள், தெரிஞ்சு, சில நிமிடம் பூசிக் கழுவுறது. உங்கட தரையில இருக்கிறது ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ள வந்து, தவழுற பிள்ளையின்ர கையால வாய்க்குள்ள போறது.

ஆஸ்டினில 2010-ல வந்த ஆய்வில அடுக்குமாடி வீடுகளுக்குள்ள இருந்த தூசியை அளந்தவை. தார்ப் பூச்சுப் பார்க்கிங் பக்கத்து வீடுகளில பிஏஹெச் இடைநிலை கிலோவுக்கு 129 மில்லிகிராம், மற்ற வீடுகளில 5.1. இருபத்தைந்து மடங்கு. பின்னால வந்த கணக்கில, அந்த வீடுகளில இருக்கிற சின்னப் பிள்ளையளுக்குத் தூசியால வாற அளவு சாப்பாட்டால வாறதை விட இரண்டு மடங்குக்கும் மேல எண்டு கண்டவை.

நிலக்கரித்தார் தோலில புற்றுநோயைக் கொண்டுவரும் எண்டது புதுக்கதை இல்லை. 1915-ல ஜப்பானில யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின்ர காதில திரும்பத் திரும்பத் தார் பூசிப் புற்றுக்கட்டி வரப்பண்ணினவை. 1930-களில லண்டனில கென்னவேயும் ஆக்களும் இரண்டு டன் பிட்சை வடிச்சு வடிச்சு பென்சோ-ஏ-பைரீனைத் தனியாப் பிரிச்சவை.

வீட்டில செய்யக்கூடியது: சப்பாத்தை வாசலில கழட்டுறது எங்கட பழக்கம்தான், ஆனா இங்க கராஜ் வழியா வந்து உள்ளுக்குள்ள ராக்கையில அல்லோ வைக்கிறம். ராக்கையைக் கராஜுக்கு மாத்துங்கோ. உலர்ந்த தும்புத்தடியால கூட்டாதேங்கோ, ஈரத்துணியால துடையுங்கோ, ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் பாவியுங்கோ. பிள்ளையளைக் கொன்கிரீட் நடைபாதையில சாக்பீஸ் கீறச் சொல்லுங்கோ. தீபாவளிக்குக் கோலம் போடுறதெண்டாலும் அங்கதான்.

பூச்சு அடிக்கிற நாளில சன்னலைப் பூட்டுங்கோ. அடிச்சு இரண்டு மணித்தியாலத்தில காற்றுக்குப் போற பிஏஹெச், பூச்சில்லாத தரையை விட 30,000 மடங்கு. முதல் 16 நாளில பூச்சில உள்ள பிஏஹெச்சில நாலில ஒரு பங்கு முதல் அரைவாசி வரை காற்றோட போயிடும். கத்தரி, தக்காளி பரவாயில்லை, கழுவித் தோல் சீவினால் காணும். கீரையில தூசி ஒட்டும், கரட், முள்ளங்கி மண்ணைத் தொட்டுக்கொண்டு இருக்கும். இது மூண்டையும் பார்க்கிங் ஓரத்தில வைக்காமல் தள்ளி, புது மண் போட்ட உயரப் பாத்தியில வையுங்கோ.

---

கேள்வி கேட்டவர்: ஒஹையோ வேம்பு

எல்லோருக்கும் நன்றி. புட்டிச் சோதனை செய்து பார்த்தாயிற்று. மாதிரி, ஒப்பீடு இரண்டுமே காப்பி நிறம். அப்படியானால் எங்கள் தரையில் இருப்பது அஸ்பால்ட் பூச்சுதானா? மாதிரி எடுத்தது நடுப்பாதையில். செதிலோடு சின்னப் பழுப்புக் கல்லும் வந்தது.

---

பதில் 5: கரிவளையம்

அந்தப் பழுப்புக் கல்தான் விஷயம். கல் வந்தது என்றால் பூச்சைத் தாண்டி அடியில் உள்ள சாலையையே பெயர்த்துவிட்டீர்கள். திரவத்தைக் கறுப்பாக்கியது அந்தச் சாலையின் நிலக்கீல். இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான், அதுவும் "தார் இல்லை" என்கிற தப்பான பக்கத்துக்கே இழுக்கும். நடுப்பாதை வேண்டாம். ஓட்டும் தடத்தில் பூச்சு வருடத்துக்குச் சுமார் 4.7 சதவீதம் தேய்கிறது, நிறுத்தும் இடத்தில் 1.4 தான். வீல் ஸ்டாப் ஓரத்தில் மூன்று இடத்தில் எடுத்து மூன்று புட்டி போடுங்கள். செதிலை வெள்ளைத் தாளில் கொட்டி, கல் ஒட்டியதை ஊசியால் ஒதுக்கிவிடுங்கள்.

பல வருடம் பல ஒப்பந்ததாரர் அடித்த தரையில் ஒரு அடுக்கு இது, ஒரு அடுக்கு அது என்று இருக்கலாம். மூன்று புட்டியும் மூன்று விதமாக வந்தால் தரைத்தூசியைக் கூட்டி எடுத்து, சேற்றுமணல் சொன்ன 8270-க்கு ஒரே ஒரு மாதிரி அனுப்புங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் வேறு விளக்கமே கிடையாது. நூற்றுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

---

பதில் 6: மதுரைக்காரன்

இடையில் ஒரு சந்தேகம். அப்போ நம்ம ஊர் தார் ரோடும் இதே ஆபத்தா?

---

பதில் 7: ரோலர்

இல்லைங்க. நம்மூர் "தார் ரோடு" இன்னிக்குப் பெயரளவுக்குத்தான் தார். போடுறது விஜி-30, விஜி-40ன்னு வர்ற பெட்ரோலிய பிட்டுமென். நிலக்கரித்தார்ல ரோடு போட்ட காலமும் இருந்துச்சு, அதுக்குத் தனி இந்தியத் தரமே உண்டு, ஐஎஸ் 215. பெயர் அந்தக் காலத்துலேருந்து ஒட்டிக்கிச்சு. அதுக்காக டிரம்ல பிட்டுமென் காய்ச்சுற இடத்துல நின்னு புகையை இழுக்கலாம்னு இல்ல. டயரையும் விறகையும் அடியில போட்டு எரிக்கிறாங்க பாருங்க, அந்தப் புகையிலயும் இதே வளையங்கள் உண்டு.

---

பதில் 8: சேற்றுமணல்

மதுரைக்காரருக்கு ரோலர் சொன்ன புகை விஷயம் என் பக்கத்துக்கும் பொருந்தும். ஒப்பந்ததாரர்கள் சொல்லும் இன்னொரு வாதம், "குளத்தில் இருப்பது விறகுப்புகை, கார்ப்புகை." ஃபுளோரந்தீனை, ஃபுளோரந்தீனும் பைரீனும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 0.5-க்கு மேல் வந்தால் நிலக்கரித்தார் என்று சிலர் முடிவு கட்டுவார்கள். விறகும் நிலக்கரியும் எரிந்தாலும் 0.5-க்கு மேல்தான் வரும். அந்த ஒரு விகிதத்தை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். குழாய் வாய் மாதிரிக்கும், பார்க்கிங் நீர் வராத ஓரத்து மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுங்கள். விறகுப்புகை குளம் முழுக்கச் சமமாக விழும், குழாய் வாயில் மட்டும் குவியாது.

தொழில் தரப்பு ஆஸ்டின் எண்களை வருடக்கணக்கில் மறுத்தது. ஆஸ்டின் 2006 தொடக்கத்தில் தடையை அமல்படுத்தியது. அந்நகரத்து லேடி பேர்ட் ஏரிச் சேற்றில் 2012-ல் அளந்தபோது பிஏஹெச் முன்பைவிட 58 சதவீதம் இறங்கியிருந்தது. காரும் விறகடுப்பும் அங்கே குறையவில்லை.

தோட்ட மண்ணையும் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் மொத்தத்தைப் பார்க்காமல் பென்சோ-ஏ-பைரீன் சமானம் போடுங்கள், அதாவது ஒவ்வொன்றின் ஆபத்தையும் பென்சோ-ஏ-பைரீன் கணக்குக்கு மாற்றிக் கூட்டுங்கள். பென்சோ-ஏ-பைரீனும் டைபென்ஸ்-ஏஹெச்-ஆந்த்ரசீனும் அப்படியே. பென்ஸ்-ஏ-ஆந்த்ரசீன், பென்சோ-பி-ஃபுளோரந்தீன், இண்டினோபைரீன் மூன்றையும் 0.1-ஆல் பெருக்கவும். பென்சோ-கே-ஃபுளோரந்தீன் 0.01, கிரைசீன் 0.001. உதாரணமாக அறிக்கையில் இதே வரிசைப்படி 2.0, 0.3, 1.8, 2.6, 1.2, 1.0, 2.2 என்று இருந்தால் கூட்டினால் 2.87. குடியிருப்பு மண்ணுக்கு இபிஏவின் முதற்கட்டச் சல்லடை அளவு கிலோவுக்கு 0.11 மில்லிகிராம். நகரத்து மண் பல இடங்களில் இயல்பிலேயே அதைத் தாண்டும். அதனால் பார்க்கிங்கிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கத்தில் ஒரு மாதிரி கட்டாயம் எடுங்கள். அறிக்கையில் நாப்தலீன் மட்டும் குறைவு என்று யாராவது காட்டினால் ஏமாறவேண்டாம். அது முதலில் ஆவியாகும், நுண்ணுயிரும் முதலில் அதைத்தான் தின்னும். ஐந்து வளையம் வருடக்கணக்கில் கிடக்கும்.

---

கேள்வி கேட்டவர்: ஒஹையோ வேம்பு

மூன்று புட்டியும் லைட் டீ. செதில் முழுசாக அடியில் கிடக்கிறது. ஒப்பீட்டுப் புட்டி மட்டும் கறுப்பு. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நான்கையும் எடுத்துப்போகிறேன். முதலில் குளமா, பார்க்கிங்கா?

---

பதில் 9: சேற்றுமணல்

பார்க்கிங். தரை உதிர்ந்துகொண்டிருக்கும்போது குளத்தைத் தூர்வாரினால் இரண்டு வருடத்தில் முன்குழி மறுபடி கறுத்துவிடும். இந்தக் கோடையில் பூச்சை நிறுத்துங்கள். வாக்குவம் ஸ்வீப்பரை இலையுதிர் காலத்தில் ஒருமுறை, பனி கரைந்த கையோடு ஏப்ரலில் ஒருமுறை ஓட்டுங்கள். பிளோ செதுக்கியதெல்லாம் அப்போதுதான் கையில் கிடைக்கும், ஒரு பெருமழை பெய்தால் போய்விடும். ஸ்வீப்பர் கொண்டுபோகும் தூசி எங்கே கொட்டப்படுகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். சேற்று மாதிரியை மே மாதம் எடுத்தால், ஏலம் விடுமுன் எண்கள் கையில் இருக்கும். முன்குழிச் சேற்றை நடுக்குளத்துச் சேற்றோடு கலக்கவிடாமல் தனியாக அள்ள ஏலத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் கிடங்குக்குப் போகவேண்டியது முன்குழிச் சேறு மட்டும்தான். கலந்துவிட்டால் முழுக் குளத்துக்கும் காசு கட்டவேண்டிவரும்.